ஒன்றும் செய்யாத நாய்

எங்கள் வீட்டுக்குப் பின்னாலுள்ள பூங்காவின் வாசலில் ஒரு பலகை நிற்கிறது. நாய்களைக் கயிற்றில் பிடித்துக்கொண்டுதான் உள்ளே வரவேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. வாசிக்க நேரமில்லாதவர்களுக்காக ஒரு படமும் உண்டு. ஒரு நாய், அதன் கழுத்திலிருந்து மேல்நோக்கிப் போகும் ஒரு கோடு. கோட்டின் மறு நுனியில் ஆள் இல்லை. வரைந்தவர் இடம் போதாமல் விட்டிருக்கலாம். ஆனாலும் அந்தப் பூங்காவின் நடைமுறையை அவ்வளவு சரியாகச் சொல்லும் படம் வேறில்லை.

பலகைகளைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு. நான் டோர்ட்மண்டில் ஒரு பள்ளிக்கூடத்தின் ஹவுஸ்மைஸ்டர். வெந்நீர்க் குழாய் முதல் கதவுப் பூட்டு வரை பார்த்துக்கொள்ளும் உத்தியோகம். கேட்பவர்களிடம் என் மனைவி "பள்ளிக்கூடத்தில வேலை" என்று சொல்லி நிறுத்திக்கொள்வாள். மிச்சத்தை அவர்களே நிரப்பி என்னைப் பள்ளி அதிபராக்கிவிடுவார்கள். இருபது வருடமாக நான் பலகை மாட்டுகிறேன். ஓடாதே, புகைக்காதே, இந்தக் கதவை மூடிவை. மாட்டிவிட்டு ஏணியை மடிப்பதற்குள் மீறப்பட்ட பலகைகள் உண்டு. ஆகவே மனிதர்கள் ஒரு பலகையைப் பார்த்தும் ஏன் பார்க்காததுபோல் போகிறார்கள் என்பது எனக்குத் தொழில்முறைக் கேள்வி. நாய்க்காரர்களைப் பொறுத்தவரை அதற்குப் பதிலும் தெரியும். அதைத் தெரிந்துகொண்ட விதம்தான் வெளியில் சொல்லும்படியாக இல்லை.

முதலில், நாய் என்னுடையது அல்ல. மகளுடையது. பதினேழு வயதில் நாய்க் காப்பகத்திலிருந்து கொண்டுவந்தாள். செம்பட்டை நிறம், ஒரு நடுத்தரச் சூட்கேஸின் பருமன், எந்த இனம் என்று அதற்கே தெரியாது. பிறகு படிக்கவென்று லைப்சிக் போனாள். அங்கே அவள் எடுத்த அறையில் நாய் வைத்திருக்க அனுமதியில்லை. "ரெண்டு மாசம் மட்டும் அப்பா" என்றாள். அது நடந்து இரண்டு வருடம். நாய் சாமியறைப் பக்கம் வந்தால் தான் வீட்டை விட்டுப் போய்விடுவேன் என்று என் மனைவி அறிவித்திருந்தாள். இப்போது சாமியறை வாசலில் நாய் படுத்திருக்க, அவள் அதைத் தாண்டிப் போய் விளக்கு வைக்கிறாள். யாரும் வீட்டை விட்டுப் போகவில்லை.

நான் நாய்களின் விரோதியாக வளர்ந்தவன். யாழ்ப்பாணத்தில் ஒரு ஒழுங்கைக்குள் நாய் குரைத்துக்கொண்டு வந்தால் நாங்கள் ஓடமாட்டோம். நின்று, குனிந்து, ஒரு கல்லை எடுப்போம். கல் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, குனிந்தால் போதும். நாய் வாலை மடக்கிக்கொண்டு திரும்பிவிடும். எங்களுக்கும் நாய்களுக்கும் இடையில் தலைமுறைகளாக இருந்து வந்த ஒப்பந்தம் அது. இரண்டு தரப்பும் அதை மீறியதை நான் கண்டதில்லை.

பத்தொன்பது வயதில் இந்த நாட்டுக்கு வந்து அகதி விடுதியில் இருந்த முதல் மாதம், ஆற்றங்கரைப் பாதையில் கன்றுக்குட்டி அளவில் ஒரு கறுப்பு நாய் என்னை நோக்கி வந்தது. நான் முறைப்படி குனிந்தேன். அதன் முகம் மலர்ந்துவிட்டது. நாலு கால் பாய்ச்சலில் வந்து, என் காலடியில் ஒரு தடியைப் போட்டுவிட்டு, வாயைப் பிளந்துகொண்டு நின்றது. ஜெர்மன் நாய்க்குக் குனிகிற மனிதன் என்றால் எதையோ எறியப் போகிறவன், அதாவது நண்பன். பின்னால் வந்த சொந்தக்காரர் எனக்கு நன்றி சொன்னார். நடுங்கிக்கொண்டே அந்தத் தடியை ஏழெட்டுத் தரம் எறிந்தேன். நிறுத்த எப்படி என்று தெரியவில்லை.

இந்தக் கதையை நான் சொல்லாத கலியாண வீடு இல்லை. எல்லாரையும்விட அதிகமாகச் சிரிப்பவர் அண்ணை. எத்தனையாவது தரம் கேட்டாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்.

அண்ணை எனக்குச் சொந்தம் அல்ல. அதே அகதி விடுதியில் ஒரே அறையில் எனக்குக் கீழ்க் கட்டிலில் படுத்தவர். என்னைவிடப் பதின்மூன்று வயது மூத்தவர். பிறகு முப்பது வருடம் ஒரு உணவகத்தின் சமையலறையில் வேலை செய்து ஓய்வெடுத்தார். மனைவி காலமாகிவிட்டார். ஒரே மகன் கனடாவில். என் மகள் அவரைப் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவாள்.

விடுதியில் இருந்த காலத்தில் எங்களுக்கும் ஒரு கயிறு இருந்தது. அகதி விண்ணப்பம் முடிவாகும் வரை நாங்கள் அந்த மாவட்டத்தின் எல்லையைத் தாண்டக்கூடாது. அண்ணை ஒரே ஒரு தரம் தாண்டினார். வுப்பர்டாலில் மச்சானின் கலியாணம். ரயிலில் பொலிஸ்காரர் கடதாசியைக் கேட்டார். அண்ணை வேட்டி சால்வையோடு ஒரு பின்னேரம் முழுவதும் பொலிஸ் நிலைய மர வாங்கில் உட்கார்ந்திருந்துவிட்டு, தாலி கட்டைப் பார்க்காமலே திருப்பி அனுப்பப்பட்டார். அதற்குப் பிறகு அவர் எந்தப் பலகையையும் மீறியதில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு வாகனமும் இல்லாத தெருவிலும், மழையில், சிக்னலின் சிவப்பு மனிதன் பச்சையாகும் வரை நிற்பார். நான் அவசரப்பட்டால், "போட்டிருக்குத்தானே" என்பார். அந்த ஒரு சொல்தான் அவருடைய சட்டப் புத்தகம்.

போன வருடம் கோடையில் அண்ணைக்கு இதயத்தில் பைபாஸ் சத்திரசிகிச்சை நடந்தது. பிழைத்துக்கொண்டார். பிரச்சினை வீடு. நாலாம் மாடி, லிஃப்ட் இல்லை, எழுபத்தாறு படிகள். ஆஸ்பத்திரியின் சமூகப்பணிப் பிரிவிலிருந்து ஒரு பெண் வந்து கதைத்தார். நவம்பர் முடிவில் திரும்ப வந்து பார்ப்பேன் என்றார். அண்ணை தனியாகப் படி ஏறி இறங்கி, தன் காரியத்தைத் தானே பார்க்க முடிந்தால் வீட்டிலேயே இருக்கலாம். ஏலாவிட்டால் ஹைம், அதாவது முதியோர் இல்லம். இருவருக்கும் நடுவில் இருந்து மொழிபெயர்த்தவன் நான். ஹைம் என்ற சொல்லை மட்டும் மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை.

"தம்பி, அங்க போனா நான் ஆரோட கதைக்கிறது?" என்று அந்தப் பெண் போன பிறகு அண்ணை கேட்டார். பதில் எதிர்பார்த்துக் கேட்கவில்லை.

வைத்தியர் தினமும் நடக்கச் சொல்லியிருந்தார். பூங்கா அண்ணையின் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் இருந்தது. எனக்கு மூன்று மணிக்கு வேலை முடியும். மூன்றரைக்குக் குளத்தடி வாங்கில் சந்திப்போம். அரை மணி நேரம் நடப்போம். அண்ணை முதலில் அன்றைய கணக்கைச் சொல்வார், எழுபத்தாறு படியில் எத்தனை இடத்தில் மூச்சு வாங்க நின்றார் என்பதை. ஓகஸ்டில் ஒன்பது இடம். செப்டம்பரில் ஐந்து. பிறகு மூன்று. ஒரு இடம் குறைந்த நாளில் அவருடைய நடையே வேறு மாதிரி இருக்கும்.

இனி நாய்க்காரர்களின் விஷயத்துக்கு வருகிறேன்.

முப்பத்தைந்து வருடத்துக்கு மேலாக இந்த ஊரில் இருக்கிறேன். நாய் வருவதற்கு முன்னால் அந்தப் பூங்காவில் ஒருவர் எனக்கு வணக்கம் சொன்னதில்லை. குற்றமாகச் சொல்லவில்லை, நானும் சொன்னதில்லை. நாயோடு போன முதல் கிழமையே ஐந்து பேர் நின்று கதைத்தார்கள். நாயின் வயது, சாப்பாடு, வயிற்றுப்போக்கு எல்லாம் விசாரித்தார்கள். என் பெயரை ஒருவரும் கேட்கவில்லை. நாயின் பெயரைச் சேர்த்து, அதன் அப்பா என்றார்கள். எனக்கு அது போதுமாக இருந்தது.

ஆனால் ஒரு சிக்கல். அவர்களுடைய நாய்கள் எல்லாம் புல்வெளியில் அவிழ்ந்து ஓடின. என்னுடையது மட்டும் கயிற்றில். பலகையைப் பார்த்துப் பழகிய எனக்கு அது இயல்பாகப்பட்டது. அவர்களுக்கு அது சந்தேகமாகப்பட்டது. "கடிக்குமா?" என்று கேட்டார்கள். அந்தச் சமூகத்தில் கயிறு என்பது சட்டத்தை மதிப்பதற்கான அடையாளம் அல்ல. நாயில் ஏதோ கோளாறு என்பதற்கான அடையாளம். பலகை இருக்கிறதே என்று ஒரு நாள் தயங்கிச் சொன்னேன். கால்கள் குட்டையான ஒரு கட்டைக்கால் நாயை வைத்திருந்த ஒரு முதிய அம்மா என்னை அன்போடு பார்த்து, அது கடிக்கிற நாய்களுக்கு என்றார். கடிக்கிற நாயின் சொந்தக்காரரைப் பின்னால் ஒரு நாள் சந்தித்தேன். அவர், அது கூப்பிட்டால் வராத நாய்களுக்கு என்றார். கூப்பிட்டால் வராத நாய்க்காரரோ, சின்னப் பிள்ளைகள் வரும் நேரத்துக்குத்தான் அந்தப் பலகை என்றார். ஒவ்வொருவரும் பலகையை வாசித்திருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் அது அடுத்தவருக்கு எழுதப்பட்டதாகவே இருந்தது.

ஒரு நாள் நானும் கயிற்றின் கொளுக்கியைக் கழற்றினேன். நாய் ஒரு கணம் என்னை நம்பாமல் பார்த்தது. பிறகு ஓடியது. புல்வெளியின் எல்லைவரை போய், வட்டமடித்து, நான் கூப்பிட்டதும் காதுகள் பறக்கத் திரும்பி வந்தது. வீட்டில் நான் கூப்பிட்டு யாரும் அப்படி வந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் கேட்கவே வேண்டாம். இந்த நாட்டுக் குடியுரிமை என் சட்டைப்பையில் இருபத்தைந்து வருடமாகக் கிடக்கிறது. ஆனால் அந்தப் பலகையைக் கடந்து, கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, கையை வீசி நடந்த அந்தப் பின்னேரம்தான் நான் இந்த ஊர்க்காரன் என்று எனக்கே தோன்றியது. சட்டத்துக்குப் பயந்து நடப்பவன் விருந்தாளி. சட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போகிறவன் வீட்டுக்காரன். அப்படித்தான் அன்றைக்கு நினைத்தேன். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

நாய்க்காரர்களுக்கென்று ஒரு மந்திரம் உண்டு. நாய் யாரையாவது நோக்கிப் பாயும்போது தூரத்திலிருந்து உரத்துச் சொல்லவேண்டும். "டேர் டூட் நிக்ஸ்." அவன் ஒன்றும் செய்யமாட்டான். முன்னைய காலத்தில் அதை எனக்குச் சொன்னவர்களை நான் மனதாரச் சபித்திருக்கிறேன். மூன்றாவது கிழமையில் நானே அதை ஒரு சைக்கிள்காரருக்குச் சொன்னேன். உச்சரிப்பு அருமையாக வந்தது.

அண்ணைக்கு நாய் என்றால் பயம். ஒளிக்காத பயம். கயிற்றில் இருந்தாலும் எனக்கு மறுபக்கமாகத்தான் நடப்பார். ஒரு நாள் அவர் வரும்போது நாய் புல்வெளியில் அவிழ்ந்து திரிவதைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அண்ணை, வாங்கோ. அது ஒண்டும் செய்யாது."

"அப்பிடி எண்டு நாயோ உமக்குச் சொன்னது?"

"நான் சொல்லுறன்."

"நீர் சொல்லுறீர். நாய் சொல்லேல்லைத்தானே." பிறகு பலகையைக் காட்டினார். "போட்டிருக்கு."

அதனால் ஒரு உடன்படிக்கை செய்தோம். மூன்றே காலிலிருந்து மூன்றரை வரை நாய் ஓடலாம். அண்ணை மூன்றரைக்கு முன் வரமாட்டார். மூன்றரைக்கு நாய் கயிற்றில் இருக்கும். அண்ணை இந்த நாட்டில் நேரந்தவறாமை என்ற கலையைக் கற்கவேயில்லை, மூன்றே முக்காலுக்கு முன் வந்ததில்லை. ஆகவே உடன்படிக்கை ஒழுங்காக நடந்தது.

ஒக்டோபர் கடைசியில் ஒரு வியாழக்கிழமை. முதல் நாள் மழை. பாதை முழுக்க மேப்பிள் இலைகள் ஒட்டிக் கிடந்தன. நான் புல்வெளியில் பந்தை எறிந்துகொண்டிருந்தேன். கட்டைக்கால் நாயின் அம்மா பக்கத்தில் நின்று, உங்கள் நாய் எவ்வளவு சொற்கேட்கிறது, எங்கே பயிற்சி கொடுத்தீர்கள் என்று கேட்டார். மகள் கொடுத்த பயிற்சி அது. நான் பெருமையை எனக்கே எடுத்துக்கொண்டு பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்று இருபது இருக்கும்.

அண்ணை குளத்துப் பக்கமாக வந்தார். வேகமாக வந்தார். தூரத்திலிருந்தே கையைத் தூக்கிக் காட்டினார். அவ்வளவு நேரத்தோடு அவர் வந்தது நான் அறிந்த காலத்தில் அதுதான் முதல் தரம். நாய் பந்தைக் கவ்விக்கொண்டு திரும்பியபோது அவரைக் கண்டது. அவரும் நாயைக் கண்டார்.

அண்ணை குனிந்தார்.

எத்தனையோ தரம் வயிறு குலுங்கச் சிரித்த கதைதான். குனிந்தால் வரும் என்று அவருக்கு என்னளவு தெரியும். ஆனால் சிரித்தது வாய். முதுகு அந்தக் கதையைக் கேட்டிருக்கவில்லை. அது யாழ்ப்பாணத்து ஒழுங்கையில் பழகியபடியே மடிந்தது. கை ஈர இலைகளுக்குள் கல்லைத் தேடியது.

நாய் பந்தைக் கீழே போட்டது. புதிதாக ஒருவர் விளையாட வந்திருக்கிறார். அது ஓடத் தொடங்கியதும் நான் கத்தினேன். அந்த நாய்க்குத் தெரிந்த நாலு சொல்லும் ஜெர்மன். மகள் அப்படித்தான் பழக்கியிருந்தாள், நானும் இரண்டு வருடம் அப்படித்தான் கூப்பிட்டேன். அன்றைக்கு வாயில் வந்தது தமிழ். "நில்!" என்று கத்தினேன். நாய் நிற்கவில்லை. நிமிர்ந்து ஒதுங்கப் போன அண்ணைதான் நின்றார்.

நாய் அவரைக் கடிக்கவில்லை, குரைக்கவும் இல்லை. அவருடைய நெஞ்சில் இரண்டு முன்னங்கால்களையும் வைத்தது. அவ்வளவுதான். ஒன்றும் செய்யாத நாய்.

நான் போய்ச் சேர்ந்தபோது அண்ணை இலைகளின் மேல் ஒருக்களித்துக் கிடந்தார். வலது கால் போகக்கூடாத பக்கமாகத் திரும்பியிருந்தது. நாய் அவருடைய காதை நக்கிக்கொண்டிருந்தது. அதை இழுத்து எறிந்தேன். அண்ணையின் முகம் சாம்பலாக இருந்தது. என்னைக் கண்டதும் அவர் சொன்ன முதல் வார்த்தை வலியைப் பற்றியது அல்ல.

"தம்பி, இண்டைக்கு ஒரு இடத்திலயும் நிக்கேல்லை" என்றார். "எழுபத்தாறும். ஒரேயடியா."

அதைச் சொல்லத்தான் நேரத்தோடு வந்திருந்தார்.

நான் அம்புலன்சுக்குப் போன் அடித்தேன். அது வருவதற்குள் இன்னொரு காரியம் நடந்தது, அதை நான் சரியாகக் கவனித்தது பிறகுதான். அந்த முதிய அம்மா தன் நாயைக் கயிற்றில் மாட்டினார். பிறகு என் தோளில் கிடந்த கயிற்றை எடுத்து என் நாயின் கழுத்திலும் மாட்டி, மறு நுனியை என் கையில் தந்தார். என் தோளை ஒரு தரம் தட்டிவிட்டுப் போய்விட்டார். அனுபவசாலி. அம்புலன்ஸ்காரர்கள் வந்தபோது பூங்காவில் சட்டம் முழுமையாக அமுலில் இருந்தது.

இடுப்பு மூட்டில் முறிவு. சத்திரசிகிச்சைக்கு முன் ஒரு இளம் வைத்தியர் படிவத்தோடு வந்தார். எப்படி விழுந்தார் என்று என்னிடம் கேட்டார். அண்ணைக்கு ஜெர்மன் நன்றாக விளங்கும், பேசத்தான் தடுமாறுவார், வலியில் தமிழ்தான் வந்தது. ஆகவே மறுபடியும் நான் நடுவில்.

"சறுக்கி விழுந்தனான் எண்டு சொல்லும்" என்றார் அண்ணை.

நான் வைத்தியரின் படிவத்தைப் பார்த்தேன்.

"இலையில சறுக்கினது. எழுத்தில வேற ஒண்டும் போகக் கூடாது. நாயைக் கொண்டுபோயிடுவாங்கள்." கண்ணை மூடிக்கொண்டார். "பிள்ளை அழும்."

எங்கள் ஆட்களுக்கு நான் எத்தனையோ அலுவலகங்களில் மொழிபெயர்த்திருக்கிறேன். உள்ளதைச் சொன்னபடி சொன்னது அபூர்வம். கூட்டுவேன், குறைப்பேன், கோபத்தை எடுத்துவிட்டு நன்றியைச் சேர்ப்பேன். அன்றைக்குத்தான் ஒரு சொல் கூடாமல் குறையாமல் மொழிபெயர்த்தேன். வைத்தியர் எழுதிக்கொண்டார். இந்தப் பருவத்தில் இலைகள் ஆபத்துத்தான் என்றார்.

அன்று பின்னேரம் மகள் லைப்சிக்கிலிருந்து போன் எடுத்தாள். பெரியப்பா எப்படி விழுந்தார் என்று கேட்டாள். இலை என்றேன். கனடாவிலிருந்து அண்ணையின் மகன் எடுத்தான். அவனுக்கும் இலை. மூன்றாவது தரம் சொன்னபோது அந்த இலையின் நிறம்கூட எனக்குத் தெரிந்திருந்தது. மனைவிக்கு மட்டும் உள்ளதைச் சொன்னேன். அவள் நாயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். யாரிடம் பிழை என்று முடிவெடுக்க அவளுக்கு அதிக நேரம் எடுக்கவில்லை.

"அண்ணையிட்ட மன்னிப்புக் கேட்டனீங்களோ?"

"ஓம்" என்றேன்.

கேட்கவில்லை. ஜெர்மனில் என்றால் நான் ஒரு நாளைக்கு இருபது தரம் மன்னிப்புக் கேட்பேன். ரயிலில் தோள் பட்டால், கடையில் பாதையை மறித்தால், என் காலை மற்றவர் மிதித்தாலும் நான்தான் முதலில் கேட்பேன். தமிழில், தெரிந்த ஒருவரிடம், வாய் திறந்து கேட்டதாக நினைவில்லை. அதற்குப் பதிலாக நாங்கள் சூப் கொண்டுபோவோம். நான் அண்ணைக்கு ஆறு கிழமை சூப் கொண்டுபோனேன்.

நவம்பர் முடிவில் அந்தச் சமூகப்பணிப் பெண் சொன்னபடி வந்தார். வீட்டுக்கு அல்ல, புனர்வாழ்வு மருத்துவமனைக்கு. அண்ணை நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று காட்டினார். நாலு அடி வைத்தார். இதயம் ஒத்துழைக்கவில்லை, உதடு நீலம் பாரித்தது. அந்தப் பெண் அன்பாகத்தான் பேசினார். நான் மொழிபெயர்த்தேன். அண்ணை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சரி, ஓம் எண்டு சொல்லும்" என்றார்.

அண்ணையின் வீட்டை நானும் மனைவியும் ஒழித்துக் காலியாக்கினோம். நாலு சனிக்கிழமை எடுத்தது. எழுபத்தாறு படி, ஒவ்வொரு பெட்டியோடும். நான் ஒவ்வொரு தரமும் இரண்டு இடத்தில் நின்றேன். கடைசி நாள் கதவை மூடப் போகும்போது, உள்ளே கதவு நிலைக்குப் பக்கத்துச் சுவரில் பென்சிலால் ஏதோ எழுதியிருப்பதைக் கண்டேன். இலக்கங்கள், ஒன்றின் கீழ் ஒன்று. ஒன்பதில் தொடங்கி இறங்கி வந்து, அடியில் ஒரு பூச்சியம். பூச்சியத்தைச் சுற்றி வட்டம் போட்டிருந்தார். சாவியை ஒப்படைக்கும்போது சுவர் வெள்ளையாக இருக்க வேண்டும் என்பது இங்கே வாடகை வீட்டின் விதி. ஹவுஸ்மைஸ்டர் அல்லவா, பெயிண்டும் தூரிகையும் கையோடு கொண்டு போயிருந்தேன். இரண்டு பூச்சில் மறைந்தது.

ஹைமில் லிஃப்ட் இருக்கிறது. இரண்டு லிஃப்ட். அண்ணையின் அறை மூன்றாம் மாடியில், தாதிமார் நல்ல மாதிரி. ஆறு மணிக்கு முன்னே இரவுச் சாப்பாடு, பாணும் சீஸும். அறையைப் பகிர்ந்துகொள்ளும் முதியவர் நாள் முழுக்க ஜன்னலோடு பேசுகிறார். அண்ணை பேசுவதில்லை. சனிக்கிழமைகளில் நான் போகும்போது அவருடைய குரல் கிழமை முழுக்கப் பாவிக்காத குழாய்மாதிரி முதலில் கரகரக்கும், பிறகுதான் சொல் வரும்.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை நல்ல வெயில். சக்கர நாற்காலியில் அண்ணையை வெளியே கூட்டிப்போக அனுமதி எடுத்தேன். எங்கே போகலாம் என்று கேட்டேன். பூங்காவுக்கு என்றார். நாய் காரில் இருந்தது. அதை வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கலாம். என் மனைவி வேலையாக ஊன்ட்றொப் அம்மன் கோயிலுக்குப் போயிருந்தாள், நாய் தனியாக இருந்தால் குரைக்கும் என்று எனக்கு நானே காரணம் சொல்லியிருந்தேன். கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றி, மற்றக் கையால் நாற்காலியைத் தள்ளினேன். நவம்பரிலிருந்து நான் அதை அவிழ்த்துவிட்டதில்லை. பழைய கூட்டத்தார் தூரத்திலிருந்து தலையசைப்பதோடு சரி.

குளத்தடி வாங்குக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். கொஞ்ச நேரத்தில் புல்வெளியிலிருந்து ஒரு சாம்பல் நிற நாய் எங்களை நோக்கி ஓடி வந்தது. கயிறு இல்லை. முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் பின்னால் சாவகாசமாக வந்துகொண்டிருந்தார். அண்ணையின் வலது கை நாற்காலியின் பக்கமாகக் கீழே போய்த் தடவியது. நான் இடையில் போய் நின்றேன். அந்த மனிதர் அங்கிருந்தே மந்திரத்தைச் சொன்னார். அவன் ஒன்றும் செய்யமாட்டான்.

எனக்குள் எது உடைந்தது என்று தெரியாது. முப்பத்தைந்து வருடத்தில் நான் ஒரு ஜெர்மன்காரரோடு குரலை உயர்த்தியதில்லை. அன்றைக்கு உயர்த்தினேன். வாசலில் பலகை இருக்கிறது, வாசிக்கத் தெரியாதா என்று கேட்டேன். அவர், இது யாரையும் கடித்ததில்லை என்று தொடங்கினார். கடிக்கத் தேவையில்லை என்றேன். இந்த மனிதர் தன் வீட்டில் இருந்தவர், நாலு மாடி ஏறக்கூடியவர், இதே இடத்தில் கயிறில்லாத ஒரு நாய் நெஞ்சில் கால் வைத்ததால் இனி ஒருநாளும் நடக்கமாட்டார் என்றேன். அந்த உண்மை என் வாயிலிருந்து முழுதாக வந்தது அப்போதுதான். இன்னொருவனின் குற்றமாக வந்ததால் இடறாமல் வந்தது.

அந்த இளைஞர் வெட்கப்பட்டுவிட்டார். நல்ல பிள்ளை. தன் நாயைப் பிடித்துக் கயிற்றை மாட்டினார். அண்ணையின் முன் குனிந்து மன்னிப்புக் கேட்டார், எளிதாக, அவர்கள் மொழியில் கேட்பதுபோல. பிறகு என்னைப் பார்த்து, அந்த நாயின் சொந்தக்காரரைக் கண்டுபிடித்தார்களா என்று கேட்டார்.

"இல்லை" என்றேன்.

என்ன மாதிரி மனிதர்கள் என்று தலையை ஆட்டிவிட்டு அவர் போனார்.

அண்ணைக்கு ஜெர்மன் விளங்கும் என்று முன்பே சொல்லியிருக்கிறேன். ஒரு சொல் விடாமல் விளங்கும். என் வாயில் இரண்டு தரம் ஏதோ வந்து திரும்பிப் போனது. சூப்பும் கொண்டுவந்திருக்கவில்லை.

அண்ணை கையை நீட்டினார்.

"கயிறை இஞ்ச தாரும்."

"அண்ணை, இழுக்கும்."

"தாரும். உம்மை நம்பேலாது."

கொடுத்தேன். அவர் அதைத் தன் மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார். நாய் அவரை ஒரு தரம் பார்த்துவிட்டு, சக்கரத்துக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டது. அரை மணி நேரம் அப்படியே இருந்தோம். பிறகு ஹைமில் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. நான் நாற்காலியைத் தள்ளினேன். வாசல் பலகையைக் கடந்து காருக்குப் போகும்வரை அவர் கயிற்றை என்னிடம் திருப்பித் தரவில்லை.